அரசுப் பள்ளியும் தனியார் பள்ளியும்: உரிமையும் பொறுப்பும்

குழந்தைகளுக்குக் கல்வியளிக்கும் பொறுப்பு யாருடையது என்னும் வினாவே கல்விச் சீர்திருத்தம் பற்றிய விவாதங்கள் அனைத்திற்கும் அடிப்படையாகும். அது அரசின் கடமை என்பர் ஒரு சாரார். விரும்பியவாறு பள்ளிகளை நிறுவி நடத்தும் சுதந்திரமே முதன்மையானது என்பர் மற்றொரு சாரார். இந்திய அரசியலமைப்பு இவ்விரண்டிற்கும் இடமளிக்கிறது. 2002-ஆம் ஆண்டுத் திருத்தத்தால் சேர்க்கப்பட்ட 21ஏ பிரிவு, 6 முதல் 14 வயது வரையுள்ள அனைவருக்கும் இலவசக் கட்டாயக் கல்வி வழங்குவதை அரசின் கடமையாக்கியது. 30(1) பிரிவோ, சமய, மொழிச் சிறுபான்மையினர் தாம் விரும்பும் கல்வி நிறுவனங்களை நிறுவி நிர்வகிக்கும் உரிமையை உறுதி செய்கிறது.

இஸ்லாமியச் சட்டவியலில் 'ஃபர்ளு கிஃபாயா' என்றொரு கோட்பாடு உண்டு. சமுதாயத்தின் மீது கூட்டாகச் சுமத்தப்பட்ட கடமை அது. சிலர் நிறைவேற்றினால் ஏனையோரின் பொறுப்பு நீங்கும். எவரும் நிறைவேற்றாவிடில் அனைவரும் குற்றவாளிகளாவர். மருத்துவத்தையும் கணிதத்தையும் இமாம் கஸ்ஸாலி இவ்வகையிலேயே சேர்த்தார். பள்ளி அரசுடையதா தனியாருடையதா என்பதைக் காட்டிலும், கல்வி கிட்டாத குழந்தை எஞ்சியுள்ளதா என்பதே முதன்மையான வினா என்பதை இக்கோட்பாடு உணர்த்துகிறது.

சட்டம் அமைத்த பாலம்

2010 ஏப்ரல் 1 அன்று நடைமுறைக்கு வந்த கல்வி உரிமைச் சட்டம், 2009, இரு துறைகளுக்குமிடையே ஒரு பாலத்தை அமைக்க முயன்றது. அதன் 12(1)(சி) பிரிவின்படி, அரசு உதவி பெறாத தனியார் பள்ளிகள் தம் தொடக்க வகுப்பில் குறைந்தது 25 விழுக்காடு இடங்களை அருகிலுள்ள நலிவடைந்த, வாய்ப்பு மறுக்கப்பட்ட பிரிவினரின் குழந்தைகளுக்கு இலவசமாக வழங்க வேண்டும். அரசு தன் பள்ளியில் ஒரு மாணவருக்குச் செலவிடும் தொகை, தனியார் பள்ளி பெறும் கட்டணம் ஆகிய இரண்டில் எது குறைவோ அதனை அரசு ஈடுசெய்யும். செல்வர் வீட்டுக் குழந்தையும் கூலித் தொழிலாளியின் குழந்தையும் ஒரே வகுப்பில் அமர வேண்டும் என்பது இதன் உயரிய நோக்கம். அண்மைப் பள்ளி, பொதுப்பள்ளி முறை ஆகியவற்றை 1964-66-ஆம் ஆண்டுகளின் கோத்தாரி ஆணையம் முன்னரே வலியுறுத்தியிருந்தது.

எனினும் இப்பாலம் குறுகியது. இடங்களைவிட விண்ணப்பங்கள் மிகும்போது குலுக்கலே குழந்தையின் எதிர்காலத்தை முடிவு செய்கிறது. ஈட்டுத்தொகை தாமதமாகும்போது சிறு பள்ளிகள் நலிவுறுகின்றன. மத்திய, மாநில அரசுகளுக்கிடையிலான நிதிப் பிணக்கினால் தமிழகத்தில் 2025-26 கல்வியாண்டின் சேர்க்கை நடவடிக்கைகள், பள்ளிகள் திறந்து பல மாதங்கள் கழிந்து அக்டோபரில்தான் தொடங்கின. குலுக்கலில் இடம் பெறாத குழந்தை அரசுப் பள்ளிக்கே செல்ல வேண்டும். ஆகவே அரசுப் பள்ளியின் தரத்தை உயர்த்தாமல் தனியார் பள்ளியில் சில இடங்களைப் பெற்றுத் தருவதைச் சமநிலை எனக் கொள்ள இயலாது.

சிறுபான்மைப் பள்ளிகளின் நிலை

இவ்விடத்தில் நம் சமுதாயத்தை நேரடியாகத் தொடும் வினா எழுகிறது. 2012 ஏப்ரல் 12 அன்று உச்ச நீதிமன்றம் இந்த 25 விழுக்காட்டு விதியைச் செல்லுபடியாகும் எனத் தீர்ப்பளித்து, உதவி பெறாத சிறுபான்மைப் பள்ளிகளுக்கு மட்டும் விலக்களித்தது. மதரஸாக்களும் வேத பாடசாலைகளும் அதே ஆண்டின் சட்டத்திருத்தத்தால் விலக்குப் பெற்றன. 2014 மே 6 அன்று ஐவர் அமர்வு, உதவி பெறும் சிறுபான்மைப் பள்ளிகளுக்கும் இச்சட்டம் பொருந்தாது என்றது. ஆனால் 2025 செப்டம்பர் 1 அன்று இருவர் அமர்வொன்று அத்தீர்ப்பின் சரித்தன்மையில் ஐயம் எழுப்பி, பேரமர்வு பரிசீலிக்கும் பொருட்டு அதனைத் தலைமை நீதிபதியின் முன் வைக்கப் பணித்தது.

முப்பதாவது பிரிவு அருட்கொடைக்கு நிகரான பாதுகாப்பு. தம் மொழியையும் பண்பாட்டையும் சமயத்தையும் இழக்காமல் கல்வி பெறச் சிறுபான்மையினருக்கு அது அரண். சேர்க்கையில் அரசின் தலையீடு பெருகினால் அவ்வரண் தளரக்கூடும் என்னும் அச்சம் நியாயமானதே. ஆயினும், ஏழைக் குழந்தையைத் தவிர்ப்பதற்காக இவ்விலக்கு அருளப்படவில்லை. சமுதாயத்தின் பெயரால் தொடங்கப்பெற்ற ஆங்கிலவழிப் பள்ளியொன்று, அதே தெருவிலுள்ள ஏழை முஸ்லிம் குழந்தைக்குக் கட்டணத்தின் காரணமாகக் கதவடைக்குமாயின், அது 30-ஆவது பிரிவின் சொல்லைக் காத்து அதன் உயிரைக் கைவிடுகிறது.

செய்யத்தக்கது யாது? நம் பள்ளி நிர்வாகங்கள் சட்டத்தின் கட்டாயமின்றித் தாமாகவே கால் பங்கு இடங்களை அண்டை வீட்டு ஏழைகளுக்கு, சமய வேறுபாடின்றி, ஒதுக்கலாம். அதன் செலவை ஈடுசெய்ய ஊர்தோறும் கல்விக்கென வக்ஃபு நிதியை உருவாக்கலாம். 1067-இல் பாக்தாதில் திறக்கப்பெற்ற நிஜாமிய்யா கல்விக்கூடம் அத்தகைய அறக்கொடையைக் கொண்டே மாணவரைப் பேணியது. அத்துடன், நம் குழந்தைகளில் பெரும்பாலோர் பயிலும் அரசுப் பள்ளியின் மேலாண்மைக் குழுவில் பங்கேற்று அதன் குறைகளைக் களைய உழைப்பதும் நம் கடமையே.

நீதிமன்றத்தின் இறுதி முடிவு எவ்வாறாயினும், உரிமையைப் பெற்றவர் பொறுப்பையும் ஏற்றிருந்தார் என்பதை அதற்கு முன்னரே நாம் மெய்ப்பித்துக் காட்டுவது நலம்.