பெயின்ட் அடிச்ச வீட்டில் சிகரெட் வாடை ஏன் போகல?

ஃபைனல் இயர் வந்தாச்சு, ஹாஸ்டல் வேண்டாம்னு முடிவு பண்ணி நாலு பேர் சேர்ந்து முதலியார்பேட்டையில வீடு தேடுறீங்க. கடலூர் ரோட்டுக்கு உள்ளே தள்ளி ஒரு ஃபிளாட். கதவைத் திறந்ததும் வெள்ளைச் சுவர், புது பெயின்ட் வாசனை. அட்வான்ஸ் கொடுத்துடுறீங்க. பத்து நாளில் பெயின்ட் வாசனை போயிடும். அப்புறம்தான் முன்னாடி இருந்தவர் பிடிச்ச சிகரெட்டோட வாடை வெளியே வரும். காலி பண்ணும்போது "நீங்கதான் பிடிச்சீங்க"னு ஓனர் அட்வான்ஸில் கை வைக்கவும் வாய்ப்பு இருக்கு.

உடனே நாம என்ன செய்வோம்? ரூம் ஸ்ப்ரே, ஊதுவத்தி, சாம்பிராணி. மூணும் வீண். ஏன்னு புரிஞ்சா செலவு மிச்சம்.

வாடை காற்றில் இல்லை. காற்றில் இருந்தா ஜன்னலைத் திறந்தா போயிடணும். சிகரெட் புகையில் இருக்கிற தாரும் நிகோடினும் சுவர், சீலிங், கர்ட்டன், மெத்தைன்னு எல்லாத்திலும் படலமா ஒட்டிக்கும். வெயில் ஏறும்போதும் ஈரப்பதம் கூடும்போதும் கொஞ்சம் கொஞ்சமா காற்றுக்குத் திரும்பும். நம்ம ஊர் கடற்கரை ஊர். வெயிலும் ஈரமும் இங்கே குறைவா என்ன? இதுக்கு 'மூன்றாம் கை புகை'ன்னு பெயர்.

இது மூக்கைச் சுளிக்கிறதோட முடியுற விஷயம் இல்லை. 2010-ல் அமெரிக்காவின் லாரன்ஸ் பெர்க்லி ஆய்வுக்கூடம் ஒண்ணைக் காட்டியது: பரப்பில் படிஞ்ச நிகோடின், காற்றில் இருக்கிற நைட்ரஸ் அமிலத்தோட வினைபுரிஞ்சு நைட்ரோசமைன்களா மாறுது. அதில் சில புற்றுநோய் உண்டாக்கக்கூடியவை. அந்த நைட்ரஸ் அமிலம் எங்கிருந்து வருது? கேஸ் அடுப்பு எரியும்போதும் வரும். 2011-ல் சான் டியாகோ மாநிலப் பல்கலைக்கழகத்தின் ஜார்ஜ் மாட் குழு, புகைப்பவர்கள் காலி செய்த வீடுகளை ஆராய்ந்தது. சுத்தம் செய்து இரண்டு மாதம் சும்மா கிடந்த பிறகும் நிகோடின் இருந்தது. புதுசா குடிவந்த, புகைக்காதவர்களின் விரல்களிலும் இருந்தது. ரூம்மேட்டுக்கு வீசிங் இருந்தா இதை இன்னும் சீரியஸா எடுத்துக்கணும்.

சரி, எப்படி எடுக்கிறது? ஃபர்ஸ்ட் இயர் கெமிஸ்ட்ரி போதும். தார் எண்ணெய்ப் பிசுக்கு மாதிரி. சோப்பும் சலவை சோடாவும் அதைக் கரைக்கும். நிகோடின் ஒரு காரம். அமிலம் பட்டா உப்பா மாறி தண்ணீரோட வந்துடும். வெற்றிலையோட புகையிலை போடுறவங்க சுண்ணாம்பு சேர்க்கிறது இதுக்கு நேர் எதிர்: சுண்ணாம்பின் காரம் நிகோடினை உப்பிலிருந்து விடுவிக்குது. அப்போ பழைய படலத்து மேலேயே சுண்ணாம்பு அடிச்சா என்ன ஆகும்? நிகோடினைப் பிடிச்சு வைக்காது, வெளியேதான் விடும்.

வேலையை இந்த வரிசையில் செய்யுங்க.

முதல்ல துணி. கர்ட்டன், திரை, மிதியடி எல்லாம் துவைங்க. பழைய மெத்தை இருந்தா வேண்டாம்னு சொல்லிடுங்க, அதைச் சுத்தம் பண்ணவே முடியாது.

அடுத்து மறந்துபோற இடங்கள். மெயினை ஆஃப் பண்ணிட்டு ஃபேன் இறக்கையின் மேல்பக்கம், கொசுவலை, கதவின் மேல்விளிம்பு, லாஃப்ட், கப்போர்டு உள்பக்கம். ஏசி இருந்தா ஃபில்டரை நீங்க கழுவுங்க, உள்ளே இருக்கிற காயிலை மெக்கானிக் கழுவட்டும்.

மூணாவது சுவரும் சீலிங்கும். கையுறை போட்டு, வெந்நீரில் கொஞ்சம் சலவை சோடா கலந்து துடைங்க. பிறகு நல்ல தண்ணீர். கடைசியா ஒரு பங்கு வினிகருக்கு மூணு பங்கு தண்ணீர். துணியில் மஞ்சள் வர்றது நிற்கும் வரை திரும்பச் செய்யணும். இது எமல்ஷன் பெயின்டுக்கு. டிஸ்டம்பரும் சுண்ணாம்பும் தண்ணி பட்டா கரைஞ்சு வரும், அதைச் சுரண்டித்தான் எடுக்கணும். மார்பிள் தரையில் வினிகர் படவே கூடாது. முக்கியமா, பிளீச்சையும் வினிகரையும் கலக்காதீங்க. குளோரின் வாயு வரும்.

நாலாவதுதான் பெயின்ட். அதுக்கு முன்னாடி கறையை மறைக்கிற ஆயில் பிரைமர் ஒரு கோட் அவசியம். நேரா வாட்டர் பெயின்ட் அடிச்சா மஞ்சளும் வாடையும் ஊறி மேலே வந்துடும். "பிரைமர் அடிச்சுதான் பெயின்ட்"னு ஓனர்கிட்ட வாட்ஸ்அப்பில் எழுதி வாங்கிடுங்க.

மத்தியானத்துக்கு மேல் கடல்காற்று கிழக்கிலிருந்து வரும். கிழக்கு ஜன்னலைத் திறந்துட்டு, மேற்கு ஜன்னலில் டேபிள் ஃபேனை வெளியே பார்த்து வைங்க. ஆன்லைனில் விற்கிற ஓசோன் மெஷின் மட்டும் வேண்டாம். ஓசோன் நுரையீரலுக்குக் கெடுதல்னு அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமையே எச்சரிக்குது.

இவ்வளவு வேலையும் மிச்சமாக ஒரு வழி இருக்கு. அட்வான்ஸுக்கு முன்னாடி, ராத்திரி முழுக்கப் பூட்டிக் கிடந்த வீட்டைக் காலையில் போய்ப் பாருங்க. கதவைத் திறந்ததும் முதல் மூச்சை இழுங்க. ஈரமான வெள்ளைத் துணியால் ஃபேன் இறக்கை மேல் ஒரு தடவை துடைங்க. பிசுக்கா, மஞ்சப் பழுப்பா வந்தா உஷார். வாடகையைக் குறைக்கச் சொல்லுங்க, இல்லேன்னா அடுத்த வீட்டைப் பாருங்க. எடுக்கறதா இருந்தா, சுவரையும் சீலிங்கையும் தேதியோட போட்டோ எடுத்து ஓனருக்கு அனுப்பிட்டு அப்புறம் குடி போங்க.