வயலில் விபத்தா? நாள்களை எண்ணத் தொடங்குங்கள்!

பெரம்பலூர் மாவட்டக் கிராமம் ஒன்றில், மக்காச்சோளத்தில் படைப்புழுக் கட்டுப்பாடு பற்றிப் பேசப் போயிருந்தேன். கூட்டம் முடிந்ததும் ஒரு பெண் தொழிலாளி வந்தார். வலது கையில் இரண்டு விரல்கள் இல்லை. கதிரடிக்கும் இயந்திரத்தில் கதிரைத் தள்ளும்போது கை மாட்டிக்கொண்டதாம்.

“இதுக்கு ஏதாவது பணம் கிடைக்குமாங்க சார்?”

“எப்போம்மா நடந்தது?”

“மூணு வருசம் இருக்குங்க.”

மருத்துவமனைச் சீட்டில் ‘கீழே விழுந்ததில் காயம்’ என்று இருந்தது. “போலீஸ், கேஸெல்லாம் வேண்டாம், நான் பாத்துக்கறேன்” என்று வேலைக்கு அழைத்தவர் சொன்னாராம். மருந்துச் செலவோடு சரி.

அறுத்துக் காயப்போட்ட பயிர் புயல் மழையில் அழிந்தால் 72 மணி நேரத்துக்குள் காப்பீட்டு நிறுவனத்துக்குத் தெரிவிக்க வேண்டும் என்பது விவசாயிகளுக்குத் தெரியும். உடலுக்கு நேரும் இழப்புக்கும் இப்படிக் கெடு உண்டு என்பது பலருக்குத் தெரிவதில்லை.

எதற்கு எவ்வளவு காலம்?

30 நாள்: வங்கிக் கணக்கில் ஆண்டுக்கு 20 ரூபாய் பிடிக்கப்படும் பிரதமரின் சுரக்‌ஷா பீமா திட்டத்தில் விபத்து மரணத்துக்கு 2 லட்சம், பகுதி நிரந்தர ஊனத்துக்கு 1 லட்சம் ரூபாய் கிடைக்கும். விபத்து நடந்த 30 நாள்களுக்குள் வங்கியில் விண்ணப்பம் தர வேண்டும். பாம்புக்கடி, மரத்திலிருந்து விழுதல் போன்றவற்றால் இறந்தால் உடனடி மருத்துவமனைப் பதிவு முக்கியம்.

6 மாதம்: நடவுக்கு ஆள் ஏற்றிச் சென்ற வேன் கவிழ்ந்தால், மோட்டார் வாகன விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்தில் 6 மாதத்துக்குள் மனு செய்ய வேண்டும். 2022 ஏப்ரல் முதல் நடைமுறைக்கு வந்த வரம்பு இது. இதை எதிர்த்து வழக்குகள் உச்ச நீதிமன்றம் வரை போயிருந்தாலும், அதை நம்பித் தள்ளிப்போட வேண்டாம்.

2 ஆண்டு: டிராக்டர் அல்லது இயந்திரத்தால், மின்சாரத்தால் இயங்கும் கருவியைக் கொண்டு விவசாய வேலை செய்யும் கூலித் தொழிலாளிக்குக் காயம் ஏற்பட்டால், வேலை கொடுத்தவரிடம் சட்டப்படி இழப்பீடு கோரலாம். பழுதான தெளிப்பான் ஒழுகி உடலில் மருந்து பட்டுப் பாதிக்கப்பட்டால், மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் புகார் தரலாம். இரண்டுக்கும் 2 ஆண்டு கெடு. தக்க காரணம் இருந்தால் தாமதம் ஏற்கப்படலாம், அது உறுதியல்ல.

முதல் நாளே செய்ய வேண்டியவை

* காயம் எப்படி ஏற்பட்டது என்பதை மருத்துவரிடம் உள்ளபடி சொல்லுங்கள். ‘கீழே விழுந்தேன்’ என்ற ஒரு வரி முழு வழக்கையும் கெடுத்துவிடும்.
* பூச்சிமருந்து பாதித்தால் பாட்டிலை லேபிளோடு மருத்துவமனைக்கு எடுத்துச் செல்லுங்கள். அதிலுள்ள மருந்தின் பெயரும் முறிமருந்து விவரமும் உயிரைக் காக்கும். தயாரிப்புத் தொகுதி எண் பின்னர் சாட்சியாகும்.
* காவல் நிலையத்தில் புகார் தந்து ரசீது வாங்குங்கள். இயந்திரத்தையும் காயத்தையும் படம் எடுத்து வையுங்கள்.

பெண்கள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள் ஆகியோருக்கு வருமான வரம்பின்றி இலவச சட்ட உதவி உண்டு. 15100 என்ற எண்ணில் அழைக்கலாம்.

அந்தப் பெண்ணை மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுவுக்கு அனுப்பினேன். கெடு தாண்டி ஓர் ஆண்டாகிவிட்டது. தாமதத்துக்கான காரணத்தை ஏற்கச் செய்ய வேண்டும்; ‘கீழே விழுந்ததில்’ என்ற வரியையும் பொய் என்று நிரூபிக்க வேண்டும். முதல் வாரமே போயிருந்தால் இரண்டுமே தேவைப்பட்டிருக்காது.

- கட்டுரையாளர், வேளாண் விஞ்ஞானி