எந்த போனில் ரேஞ்ச் கிடைக்கும்?

இடுக்கியின் ஏலக்காட்டு ஊர்களிலும், பாலக்காட்டுக்குக் கிழக்கே கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம் பக்கத்திலும் புதிதாகப் போன் வாங்குகிறவர் கேமராவைப் பற்றி விசாரிப்பதற்கு முன்னால் ஒன்று கேட்பார்: "எந்த போனில் ரேஞ்ச் கிடைக்கும்?" பதில் சொல்லக் கடைக்காரர் வேண்டியதில்லை, பக்கத்தில் நிற்பவர்களே போதும். ஒருவர் சாம்சங் என்பார், ஒருவர் விவோ என்பார், மூன்றாமவர் ஐபோனைத் தவிர வேறு எதையும் ஒப்புக்கொள்ள மாட்டார். மூவரும் மனதார நம்பித்தான் சொல்கிறார்கள். அந்த நம்பிக்கை எப்படி உண்டாகிறது என்று தேடினால், பாதி விடை மலைமேல் வரும் அலையில் இருக்கிறது, மீதி விடை நம் மூளைக்குள் இருக்கிறது.

அலையிலிருந்து தொடங்குவோம். 1956 நவம்பர் 1 அன்று மாநிலங்கள் மொழிவழி பிரிந்தபோது தேவிகுளமும் பீர்மேடும் சித்தூரும் கேரளத்தோடு நின்றன. நாற்பது ஆண்டு கழித்துச் செல்போன் வந்தது. உரிமங்களை வட்டம் வட்டமாகப் பிரித்துக் கொடுத்த மத்திய அரசு, இங்கே அதே மாநில எல்லையையே வட்டத்தின் எல்லையாகவும் வைத்தது. ஒவ்வொரு டவரும் தன் அடையாள எண்ணை ஓயாமல் ஒலிபரப்பிக்கொண்டே இருக்கும். அந்த எண்ணின் முதல் மூன்று இலக்கம் நாட்டைக் குறிக்கும். இந்தியாவுக்கு 404 அல்லது 405. அடுத்து வருவது நிறுவனத்தையும் வட்டத்தையும் சொல்லும். ஏர்டெல்லுக்குத் தமிழ்நாட்டில் 94, கேரளத்தில் 95. எல்லையிலுள்ள போடிமெட்டில் ஒருவர் டீ குடித்துக்கொண்டு நிற்கும்போது, அவர் சட்டைப்பையில் இருக்கும் போன் இந்த எண்களையெல்லாம் கேட்டு, எது தன் வட்டம், எது அயல் வட்டம் என்று பிரித்துப் பார்த்துக்கொண்டே இருக்கிறது.

ஆனால் அலை மாநில எல்லையைப் பார்த்து நிற்பதில்லை. கம்பம் பள்ளத்தாக்கின் மேற்கு ஓரத்தில் மலை செங்குத்தாக எழுகிறது. ராமக்கல்மெட்டின் விளிம்பில் நின்றால் தேனி மாவட்டத்துச் சமவெளி காலடியில் விரிந்து கிடக்கும். டவருக்கும் போனுக்கும் நடுவில் மறைப்பு எதுவும் இல்லாததால் கீழே இருக்கும் தமிழ்நாட்டு டவர் தெளிவாகக் கிடைக்கும். கேரள டவரோ நாலு கொண்டை ஊசி வளைவு தள்ளி ஒரு முகட்டுக்குப் பின்னால் இருக்கலாம். பாலக்காட்டுக் கணவாயில் நிலை வேறு. அங்கே மறைக்க மலையே இல்லை. பொள்ளாச்சிப் பக்கத்து அலையும் சித்தூர்ப் பக்கத்து அலையும் தென்னந்தோப்புகளுக்கு மேலே கலந்தே கிடக்கின்றன.

இந்தக் கலப்புக்கு மக்கள் ரோமிங் என்ற பெயரில் விலை கொடுத்தார்கள். தேனி மாவட்டத்திலிருந்து விடிகாலையில் ஜீப்பில் ஏறி ஏலத்தோட்டத்துக்கு வந்து மாலையில் திரும்பும் தொழிலாளிக்கு, வீட்டிலிருந்து வரும் அழைப்பை எடுத்தாலே காசு போகும். அதனால் தமிழ்நாட்டு சிம் ஒன்று, கேரள சிம் ஒன்று என இரண்டு வைத்துக்கொண்டார்கள். ஒரே சிம் போடும் போனாக இருந்தால் பின்மூடியைக் கழற்றி, பேட்டரியை எடுத்து, சிம்மை மாற்றி, மறுபடி உயிர் கொடுக்க வேண்டும்.

நோக்கியா மீது இந்தப் பகுதிக்கு இருந்த பற்று சாதாரணமானதல்ல. 2003-ல் வந்த நோக்கியா 1100, உலகம் முழுவதும் 25 கோடிக்கு மேல் விற்றது. அதன் தலையில் இருந்த சின்ன டார்ச், கரண்ட் போன இரவில் லயத்திலிருந்து கக்கூசுக்குப் போகிறவர்களுக்கு எவ்வளவு பெரிய வசதி என்பது மலையில் இருந்தவர்களுக்குத் தெரியும். இருந்தும் இரண்டு சிம் போடும் போனை நோக்கியா 2010-ல்தான் அறிவித்தது. அதற்குள் மைக்ரோமேக்ஸ், கார்பன் போன்ற பெயர்களும் பெயரே தெரியாத சீன போன்களும் சந்தைக்குள் நுழைந்துவிட்டன. மைக்ரோமேக்ஸ் 2008-ல் கொண்டுவந்த எக்ஸ்1ஐ, ஒரு தடவை சார்ஜ் ஏற்றினால் முப்பது நாள் நிற்கும் என்று சொல்லியே விற்றது. மின்சாரம் நம்பகமில்லாத ஊர்களுக்கு அதைவிடப் பொருத்தமான வாக்குறுதி இல்லை. ஸ்ரீபெரும்புதூரில் 2006-ல் உற்பத்தியைத் தொடங்கிய நோக்கியா ஆலை, 2014 நவம்பர் 1 அன்று நின்றது. வரி வழக்கு, நோக்கியாவின் போன் தொழில் மைக்ரோசாஃப்டுக்குக் கைமாறியது என்று அதற்குக் காரணங்கள் பல. இரண்டு சிம்மின் தேவையும் வெகுநாள் நீடிக்கவில்லை. 2015 ஜூனில் பிஎஸ்என்எல் ரோமிங்கில் வரும் அழைப்புகளை இலவசமாக்கியது. 2016 செப்டம்பரில் ரோமிங் கட்டணமே இல்லாமல் ஜியோ வந்தது. 2017-ல் ஏர்டெல்லும் அந்தக் கட்டணத்தைக் கைவிட்டது. ஐபோனில் இரண்டு எண் வைக்கும் வசதி 2018-ல் வந்தபோது எல்லைக்காரர்களுக்கு அதன் அவசரம் தீர்ந்திருந்தது.

எல்லைக்காரர்கள் ஒரு போனைக் காரணம் இருந்தபோது பிடித்து, காரணம் போனதும் விட்டார்கள். இதை நான் நேர்மையான விசுவாசம் என்பேன். ரேஞ்ச் விஷயத்தில் இன்று நடப்பது அப்படி இல்லை.

ரேஞ்ச் என்பதை அளக்க ஓர் அலகு உண்டு, டிபிஎம். 4ஜி அலை −85 என்று காட்டினால் நல்ல பலம். −115 என்றால் பேச்சு விட்டுவிட்டுத்தான் கேட்கும். பத்து எண் இறங்கினால் பலம் பத்தில் ஒரு பங்காகிறது. −110 என்றால் எவ்வளவு தெரியுமா? ஒரு வாட் மின்திறனைக் கோடி பங்காக்கி, அதில் ஒரு பங்கை எடுத்து மறுபடி கோடி பங்காக்கினால் கிடைப்பது. ஐயாயிரம் ரூபாய் போன்கூட அவ்வளவு மெல்லிய முணுமுணுப்பிலிருந்து ஒரு மனிதரின் குரலைப் பிரித்தெடுக்கிறது. எந்தக் கம்பெனியின் பெயர் ஒட்டியிருந்தாலும் வியக்க வேண்டியது இதைத்தான்.

நாமோ எண்ணைப் பார்ப்பதில்லை, திரையின் மூலையில் இருக்கும் பாயிண்ட்டைத்தான் பார்க்கிறோம். எத்தனை டிபிஎம்முக்கு எத்தனை பாயிண்ட் என்று உலகப் பொது விதி கிடையாது. ஒவ்வொரு நிறுவனமும் தனக்குப் பிடித்த கணக்கை வைத்துக்கொள்ளலாம். ஐபோன் 4-ஐக் கையில் பிடித்தால் சிக்னல் விழுகிறது என்று 2010-ல் பெரும் புகார் எழுந்தது. அப்போது ஆப்பிள் ஜூலை 2 அன்று வெளியிட்ட கடிதத்தில், பாயிண்ட் காட்டும் சூத்திரமே தவறாக இருந்தது, பல இடங்களில் இரண்டு பாயிண்ட் அதிகமாகக் காட்டிவிட்டது என்று ஒப்புக்கொண்டது. ஆக, ஒரே திண்ணையில் இரண்டு போனை வைத்து, இதில் மூன்று, அதில் இரண்டு என்று தீர்ப்புச் சொல்வது இரண்டு சூத்திரங்களை ஒப்பிடுவதாகவும் முடியலாம்.

உண்மையான வித்தியாசம் இல்லவே இல்லை என்று சொல்லவில்லை. அது பிராண்டில் இல்லை, மாடலில் இருக்கிறது. 700 மெகாஹெர்ட்ஸ் அலையின் நீளம் சுமார் 43 சென்டிமீட்டர். 2300 மெகாஹெர்ட்ஸ் அலைக்கு 13 சென்டிமீட்டர். நீண்ட அலை முகட்டைச் சுற்றி வளைந்து பள்ளத்துக்குள் இறங்கும், இலைகளையும் சுவர்களையும் எளிதாகக் கடக்கும். பிஎஸ்என்எல்லின் 4ஜி 700-ஐயும் 2100-ஐயும் பயன்படுத்துகிறது. 700-க்குரிய பேண்ட் 28 இல்லாத போனை மூணாறு மலைக்குள் கொண்டுபோனால், தலைக்குமேல் அலை இருந்தும் அதைப் பிடிக்க முடியாது. அதே பெயர் தாங்கிய பெட்டிகளிலேயே ஒரு மாடலில் பேண்ட் 28 இருக்கும், இன்னொன்றில் இருக்காது.

இது வெறும் வசதியைப் பற்றிய பேச்சும் இல்லை. 2020 ஆகஸ்ட் 6 இரவு, மூணாறுக்கு மேலே பெட்டிமுடியில் மலை சரிந்து தேயிலைத் தொழிலாளர்களின் லயங்களை மூடியது. எழுபது பேர் இறந்தார்கள். அவர்களில் பெரும்பாலோர் கயத்தாறு பக்கத்து வேர்கள் கொண்ட தமிழ்க் குடும்பத்தினர். தொடர்மழையில் மின்சாரம் போய், தொலைத்தொடர்பும் செயலற்றுக் கிடந்ததால் வெளியுலகுக்குச் செய்தி மறுநாள் காலைதான் எட்டியது. அந்த இரவில் எந்த பிராண்டு போன் இருந்தும் பயனில்லை. மலைக்காரர்கள் ரேஞ்சைப் பற்றி இவ்வளவு தீவிரமாகப் பேசுவதில் உயிர்க்கவலை கலந்திருக்கிறது, அதைக் குறைத்து மதிப்பிடக் கூடாது.

பிராண்டுக்குத் திரும்புவோம். போனைப் பிரித்துப் பார்த்தால் போட்டியாளர்களின் உறவு புரியும். 2017-ல் வந்த ஐபோன் 10-இன் திரை சாம்சங் குழுமத்துத் தயாரிப்பு. ஐபோன் உட்படப் பல பிராண்டுகளின் கேமரா சென்சார் சோனியுடையது. ஆப்பிள், குவால்காம், மீடியாடெக் மூன்றுக்கும் சில்லு வடித்துக் கொடுப்பது தைவானின் டிஎஸ்எம்சி. அந்தச் சில்லுகளின் அடிப்படை வடிவமைப்போ இங்கிலாந்தின் ஆர்ம் நிறுவனத்திடமிருந்து வருகிறது. ஒப்போ, விவோ, ஒன்பிளஸ், ரியல்மி நான்கும் சீனாவின் பிபிகே என்ற ஒரே வேரிலிருந்து கிளைத்தவை. ஐபோன் செய்யும் ஃபாக்ஸ்கான், சியோமிக்கும் போன் செய்து கொடுத்திருக்கிறது. விவோவா ஒப்போவா என்று அடித்துக்கொள்ளும் இரு நண்பர்கள் ஒரே குடும்பத்துப் பிள்ளைகளுக்காகத்தான் வாதாடுகிறார்கள்.

உள்ளே இவ்வளவு பொதுவாக இருக்கும்போது வெளியே ஏன் இத்தனை பிடிவாதம்?

அமெரிக்காவில் 1956-ல் ஜாக் பிரெம் என்ற உளவியலாளர் பெண்கள் சிலரிடம் டோஸ்டர், ரேடியோ போன்ற எட்டு வீட்டுப் பொருள்களைக் கொடுத்து மதிப்பெண் போடச் சொன்னார். ஏறக்குறைய சமமாக மதிப்பிட்ட இரண்டில் ஒன்றை எடுத்துக்கொள்ளச் சொல்லிவிட்டு, மறுபடி மதிப்பெண் கேட்டார். தேர்ந்தெடுத்த பொருளின் மதிப்பு ஏறியிருந்தது, விட்டுவிட்டதன் மதிப்பு இறங்கியிருந்தது. பொருள் மாறவில்லை, தேர்ந்தெடுத்த செயல்தான் அவர்கள் கண்ணை மாற்றியது. 2001-ல் மத்தேயு லீபர்மனும் கூட்டாளிகளும் புதிய நினைவுகளைத் தக்கவைக்க முடியாத நோயாளிகளிடம் ஓவியங்களை வைத்து இதைச் சோதித்தார்கள். எதைத் தேர்ந்தெடுத்தோம் என்பதே மறந்துபோனவர்களிடமும் இதே மாற்றம் தெரிந்தது. ஆறு மாதத் தவணையில் போன் வாங்கியவர் அதைப் புகழ்வது வறட்டு கௌரவத்தால் என்று நாம் நினைக்கிறோம். அது அதற்கும் ஆழத்தில் நடக்கும் காரியம்.

கையில் இருப்பதே பெரிதாகத் தெரிவது இன்னொரு குணம். கனடாவின் ஜாக் நெட்ச் 1989-ல் வெளியிட்ட சோதனையில் காபிக் குவளையா சாக்லேட்டா என்று சும்மா கேட்டபோது 56 சதவீதம் பேர் குவளையை எடுத்தார்கள். முதலில் குவளையைக் கையில் கொடுத்துவிட்டு மாற்றிக்கொள்கிறீர்களா என்று கேட்டபோது 89 சதவீதம் பேர் குவளையையே வைத்துக்கொண்டார்கள். சாக்லேட்டை முதலில் வாங்கியவர்களில் குவளைக்கு மாறியது 10 சதவீதம்தான். எது முதலில் கைக்கு வந்ததோ அதுதான் வென்றது.

பிறகு கூட்டம் சேர்கிறது. பிரிஸ்டல் நகரத்தில் ஹென்றி தாஜ்ஃபெல் பள்ளிப் பையன்களை இரு குழுவாகப் பிரித்து 1970-ல் சோதனை முடிவுகளை எழுதினார். பால் கிளேயின் ஓவியம் பிடித்தவர்கள் ஒரு பக்கம், கண்டின்ஸ்கியின் ஓவியம் பிடித்தவர்கள் மறுபக்கம் என்று அவர்களிடம் சொல்லப்பட்டது. உண்மையில் குலுக்கல் முறையில் பிரித்ததுதான். முகமே தெரியாத தன் குழுவினருக்குப் பையன்கள் அதிகப் பணம் ஒதுக்கினார்கள். அதுமட்டுமல்ல, தம் பக்கத்துக்குச் சற்றுக் குறைந்தாலும் பரவாயில்லை, எதிர்ப்பக்கத்தைவிட அதிகம் இருக்க வேண்டும் என்றே பலர் பங்கிட்டார்கள். அப்படி அற்பமான பிரிவினையே இதைச் செய்யும் என்றால், மூன்று வருடம் கையில் வைத்திருந்த பிராண்டு என்ன செய்யாது?

இந்த ஆராய்ச்சிகளில் மிகப் புகழ்பெற்ற ஒன்றின் இரு நாயகர்களும் பாலக்காட்டு மாவட்டத்தில் ஆலை வைத்திருந்தவர்கள்தான். கோகோ கோலா பிளாச்சிமடையில், பெப்சி கஞ்சிக்கோட்டில். பிளாச்சிமடையில் நிலத்தடி நீர் வற்றிக் கெட்டது என்று 2002 ஏப்ரல் 22 அன்று ஆதிவாசிகள் தொடங்கிய போராட்டத்துக்கு முகமாக இருந்தவர் மயிலம்மா. 2004 மார்ச்சில் ஆலை நின்றது. அதே ஆண்டு அக்டோபரில் அமெரிக்காவின் சாமுவேல் மெக்ளூர், ரீட் மாண்டேகு குழு 'நியூரான்' இதழில் 67 பேரிடம் நடத்திய சோதனையை வெளியிட்டது. பெயர் தெரியாமல் குடித்தபோது இரண்டு பானத்துக்கும் ஆதரவு ஏறக்குறையச் சமம். கோக் என்ற பெயரைக் காட்டியதும் விருப்பம் அதன் பக்கம் சாய்ந்தது, மூளையில் நினைவோடு தொடர்புடைய ஹிப்போகாம்பஸும் முன்நெற்றிப் பகுதியும் கிளர்ந்தன. நாக்கு சொல்லாததை நினைவு சொன்னது. 2008-ல் அயோவாவில், முன்மூளையின் ஒரு குறிப்பிட்ட பகுதி சேதமடைந்தவர்களைச் சோதித்தபோது பெயரைக் காட்டியும் அவர்கள் விருப்பம் மாறவில்லை. பிராண்டுக்கு மூளையில் ஓர் இடம் இருக்கிறது. அந்த இடம் பழுதானால் பிராண்டு வெறும் சர்க்கரைத் தண்ணீராகிவிடுகிறது.

இதனால் விசுவாசம் எல்லாம் மூடத்தனம் என்று சொல்ல மாட்டேன். பழுதானால் தொடுபுழாவுக்கோ கோயம்புத்தூருக்கோ ஓடாமல் பக்கத்துக் கடையிலேயே டிஸ்ப்ளே மாற்றக் கிடைப்பது நல்ல காரணம். பத்து வருடப் போட்டோக்களை ஒரு போனிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றுவதில் உள்ள அலுப்பும் நியாயமான காரணம். ஆனால் ரேஞ்சுக்காக ஒரு பிராண்டைப் பிடித்துக்கொள்வது பெரும்பாலும் காரணமற்றது.

சந்தேகமிருந்தால் நீங்களே பார்க்கலாம். ஒரே சிம்மை இரண்டு போனிலும் மாறிமாறிப் போட்டு, ஒரே இடத்தில், ஒரே விதமாகப் பிடித்துப் பாருங்கள். பாயிண்ட்டை விட்டுவிடுங்கள். ஆண்ட்ராய்டில் செட்டிங்ஸுக்குள் போன் விவரத்தில் சிம் நிலை என்ற இடத்தில் டிபிஎம் எண் இருக்கும். ஐபோனில் *3001#12345#* என்று டயல் செய்தால் வரும். புதிதாக வாங்கும்போது பேண்ட் 28 உண்டா என்று கேளுங்கள். அத்தோடு இன்னொன்றையும், கடைக்காரரிடம் அல்ல, உங்கள் ஊராட்சியிடமும் தொலைத்தொடர்பு நிறுவனத்திடமும் கேளுங்கள்: கரண்ட் போனால் நம் டவரின் பேட்டரி எத்தனை மணி நேரம் தாங்கும்? மழைக்காலம் வருவதற்கு முன்பே கேளுங்கள்.