கேரமில் குறி பார்க்கும் முறைகள்: எதை நம்புவது?

2024 நவம்பரில் அமெரிக்காவில் நடந்த கேரம் உலகக் கோப்பையில் சென்னைப் பெண் காசிமா மூணு தங்கம் வாங்கினார். அதற்கு முன்னாலேயே 1991-லும் 1995-லும் உலகப் பட்டம் வென்றவர் நம்ம மரிய இருதயம். இதையெல்லாம் பார்த்து சங்கரன்கோவில் பக்கம் சாயங்காலமானால் போர்டைச் சுத்தி உட்காரும் பசங்களுக்கும் ஆசை வரத்தான் செய்யும். ஆனால் அவங்க குறி பார்க்கக் கத்துக்கிற இடம் பெரும்பாலும் பூல், ஸ்னூக்கர் வீடியோ. அந்த முறைகள் கேரமுக்கு ஒத்து வருமா என்று கணக்குப் போட்டுப் பார்த்தேன்.

முதல் முறை எல்லாருக்கும் தெரிந்தது. குழியிலிருந்து காயின் நடு வழியாக ஒரு கோடு இழுங்க. அந்தக் கோடு காயின் பின்பக்கம் வெளியே வரும் புள்ளியில்தான் ஸ்ட்ரைக்கர் படணும். இதுவரை சரி. தப்பு அடுத்த படியில் நடக்குது: ஸ்ட்ரைக்கரின் நடுவை அந்தப் புள்ளிக்கே நேராக அனுப்புறாங்க. ஸ்ட்ரைக்கருக்கும் அகலம் இருக்கே! அதன் விளிம்பு முந்திக்கொண்டு காயில் வேற இடத்தில் பட்டுவிடும். 30 டிகிரி திரும்ப வேண்டிய காய் சுமார் 12 டிகிரிதான் திரும்பும்.

இதைச் சரிசெய்வதுதான் பூலில் ‘கோஸ்ட் பால்’ என்கிற முறை. மோதும் நொடியில் ஸ்ட்ரைக்கர் எங்கே நிற்கும் என்று மனசில் ஒரு ஸ்ட்ரைக்கரை வைத்து, அதன் நடுவைக் குறி பார்க்கணும். போட்டி விதிப்படி ஸ்ட்ரைக்கரின் குறுக்களவு 4.13 செ.மீ.க்கு மேல் போகக்கூடாது, காய் 3.02 முதல் 3.18 வரை. இரண்டின் ஆரத்தையும் கூட்டினால் சுமார் 3.6 செ.மீ. அதாவது, காயின் நடுவிலிருந்து குழிக்கு எதிர்ப்பக்கமாக 3.6 செ.மீ. தள்ளி உங்க குறி. இந்த வடிவக் கணக்கில் குறை இல்லை. சிரமம் என்னன்னா, அந்த இடத்தில் பார்க்க ஒண்ணுமே இருக்காது.

அதனால் வந்தது மூன்றாவது முறை: கண்ணுக்குத் தெரிகிற விளிம்பைக் குறி பார்ப்பது. பூலில் அடிக்கிற பந்தின் நடுவை எதிர்ப் பந்தின் விளிம்புக்கு அனுப்பினால் 30 டிகிரி கிடைக்கும். ஆனால் அங்கே இரண்டு பந்தும் ஒரே அளவு. கேரமில் ஸ்ட்ரைக்கர் பெரிசு, காய் சிறிசு. அதே அடிக்கு சுமார் 25 டிகிரிதான். பூல் வீடியோவை மனப்பாடம் பண்ணுகிறவர் இந்த 5 டிகிரியில்தான் கோட்டை விடுகிறார்.

இன்னும் சிலர், இரண்டு மூணு நிலைகளை மட்டும் கத்துக்கிட்டா எல்லாக் கோணத்தையும் அடிக்கலாம் என்று விற்கிறார்கள். கோணங்களுக்குக் கணக்கே இல்லை. மூணு குறி மூணு கோணத்துக்குத்தான் வழி காட்டும். மீதியை அடிக்கிறவரின் கண்ணும் பழக்கமும் நிரப்புது. ஒவ்வொரு அடிக்கும் முன்னால் நிதானமா ஒரே மாதிரிப் பார்க்க வைப்பதால் பலன் கிடைக்கலாம். ஆனால் அது நிதானத்தின் பலன்.

சரி, ஒரு முறை உங்களுக்கு உதவுதா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? போர்டிலேயே அளவு இருக்கு. காயை நட்ட நடுவில் வையுங்க. எப்பவும் எதிர்ப்பக்கத்து வலது குழிக்கே அடியுங்க. ஸ்ட்ரைக்கரை உங்க கோட்டின் இடது கோடியில் வைத்தால் ஏறக்குறைய நேர் அடி. இடது கோடிக்கும் நடுவுக்கும் பாதியில் வைத்தால் சுமார் 25 டிகிரி கட். நடுவில் வைத்தால் சுமார் 50. ஒவ்வொன்றிலும் 20 அடி பழைய பழக்கப்படி, 20 அடி புது முறைப்படி, மாத்தி மாத்தி. அதே போர்டு, அதே பவுடர்.

விழுந்ததை மட்டும் எண்ணாதீங்க. தவறினது எந்தப் பக்கம் தவறிச்சு என்றும் எழுதுங்க. ஏறக்குறைய எல்லாமே ஒரே பக்கம் தவறினால் குறி தப்பு; முறையை மாத்தினால் சரியாகும். இரண்டு பக்கமும் சிதறினால் கை தடுமாறுது; எந்த முறையும் காப்பாத்தாது. ஸ்ட்ரைக்கர் 1 மி.மீ. விலகினால் காய் குழிக்குப் போய்ச் சேரும்போது நேர் அடியில் சுமார் 1.4 செ.மீ. விலகும், 50 டிகிரி கட்டில் 2 செ.மீ.க்கு மேல். குழியின் அகலமே 4.45 செ.மீ.தான்.

20-க்கு 12 விழுந்தது 14 ஆனால் துள்ளிக் குதிக்க வேண்டாம். அவ்வளவு வித்தியாசம் அதிர்ஷ்டத்திலேயே வரும். ஒரு வாரம் தினமும் செய்து மொத்தத்தைக் கூட்டிப் பாருங்க.

வாரத்துக்கு ஒரு புது முறைக்குத் தாவுகிற பையனுக்குத் தன் கை தடுமாறுவது தெரியவே தெரியாது. ஒவ்வொரு தடவையும் முறை மேல் பழி போட்டுவிட்டு அடுத்த வீடியோவுக்குப் போய்விடுவான். பள்ளிக்கூடம் விட்டு வந்து அவனுக்குக் கிடைப்பது ஒரு மணி நேரம். காசு கொடுத்து எதையும் வாங்கும் முன்னால், அந்த நேரத்தில் ஒரு வாரம் மட்டும் பேப்பரும் பேனாவும் பக்கத்தில் வைத்துக்கொள்ளச் சொல்லுங்க.