உயரமானவர்களுக்கு மோட்டார் சைக்கிளைப் பொருத்தமாக்குதல்

உயரமானவர்களுக்கு மோட்டார் சைக்கிளைப் பொருத்தமாக்குதல் என்பது, வண்டியின் இருக்கை, கால்மிதி, கைப்பிடி ஆகிய மூன்றுக்கும் இடையே உள்ள தூரங்களை உயரமான ஓட்டுநரின் உடல் அளவுக்கு ஏற்ப மாற்றியமைப்பதாகும். இந்திய ஆண்களின் சராசரி உயரம் சுமார் 165 செ.மீ. அன்றாடப் பயன்பாட்டு வண்டிகள் பெரும்பாலும் இந்த உயரத்தை ஒட்டியே வடிவமைக்கப்படுகின்றன. 180 செ.மீ.க்கு மேல் உயரம் உள்ளவர் அவற்றில் உட்காரும்போது முழங்கால் அதிகமாக மடங்குகிறது, முதுகு கூனுகிறது, மணிக்கட்டுகளில் உடலின் எடை விழுகிறது.

நெடுநேரம் மடங்கியிருக்கும் கால் மரத்துப்போனால் பின் பிரேக்கை மிதிக்கத் தாமதமாகும். காசிமேட்டிலிருந்து திருவொற்றியூர், எண்ணூர், மணலி பக்கம் கண்டெய்னர் லாரிகளுக்கு நடுவே தினமும் வேலைக்குச் செல்பவருக்கு அந்தத் தாமதம் ஆபத்தானது. எனவே இது வசதியோடு பாதுகாப்பும் சேர்ந்த பொருள்.

வடசென்னையும் மோட்டார் சைக்கிளும்

இந்தியாவின் புகழ்பெற்ற மோட்டார் சைக்கிள்களுள் ஒன்றான புல்லட் வடசென்னையில் தயாரிக்கப்பட்டது. 1955-ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் ரெட்டிச் நகரைச் சேர்ந்த ராயல் என்ஃபீல்டு நிறுவனமும் மெட்ராஸ் மோட்டார்ஸும் இணைந்து என்ஃபீல்டு இந்தியா நிறுவனத்தைத் தொடங்கின. காசிமேட்டுக்கு வடக்கே உள்ள திருவொற்றியூரில் அதன் தொழிற்சாலை அமைந்தது. பின்னர் ஒரகடத்திலும் (2013) வல்லம் வடகாலிலும் (2017) புதிய ஆலைகள் வந்தன.

நிமிர்ந்து உட்காரும்படி அமைந்த புல்லட், "உயரமானவர்களுக்கு ஏற்ற வண்டி" என்று பெயர் பெற்றது. ஆனால் ஒரே நிறுவனத்தின் வண்டிகளிலேயே இருக்கை உயரம் மிகவும் வேறுபடுகிறது. கிளாசிக் 350-இன் இருக்கை தரையிலிருந்து 805 மி.மீ. உயரத்தில் உள்ளது, மீட்டியோர் 350-இல் 765 மி.மீ. மட்டுமே. ஹிமாலயன் 450-இன் இருக்கையை 825, 845 மி.மீ. என இரண்டு நிலைகளில் வைக்கலாம். ஒப்பிட்டுப் பார்க்க, ஹீரோ ஸ்பிளெண்டர் பிளஸ் வண்டியின் இருக்கை உயரம் 785 மி.மீ.

எதை அளக்க வேண்டும்

விளம்பரத் தாள்களில் தரப்படும் இருக்கை உயரம், தரைக்கும் இருக்கைக்கும் இடையே உள்ள தூரம். கால் தரையில் எட்டுமா என்று கவலைப்படும் குள்ளமானவருக்கு அந்த எண் பயன்படும். உயரமானவருக்குத் தேவையான அளவு வேறு: இருக்கைக்கும் கால்மிதிக்கும் இடையே உள்ள தூரம். முழங்கால் எவ்வளவு மடங்கும் என்பதை முடிவு செய்வது இதுவே.

மீட்டியோர் 350 இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. அதன் இருக்கை தாழ்வானது. ஆனாலும் கால்மிதிகள் முன்னால் தள்ளி வைக்கப்பட்டிருப்பதால் முழங்கால் அதிகம் மடங்குவதில்லை. அதற்கு ஈடாக, குழியில் ஏறி இறங்கும்போது கால் ஊன்றி எழ முடியாமல் அதிர்ச்சி நேராக இடுப்புக்குச் செல்கிறது.

ஓர் எளிய கணக்கு

165 செ.மீ. உயரம் உள்ளவரின் தொடை நீளமும் (இடுப்பு மூட்டு முதல் முழங்கால் வரை) கீழ்க்கால் நீளமும் (முழங்கால் முதல் கணுக்கால் வரை) தோராயமாக 40.5 செ.மீ. எனக் கொள்ளலாம். 185 செ.மீ. உயரம் உள்ளவருக்கு இவை சுமார் 45.5 செ.மீ. ஒரு வண்டியில் இருவருக்கும் இடுப்பு மூட்டுக்கும் கணுக்காலுக்கும் இடையே உள்ள நேர்த் தூரம் 58.5 செ.மீ. என்று வைத்துக்கொள்வோம். முக்கோணக் கணக்கின்படி, முதலாமவரின் முழங்கால் கோணம் ஏறத்தாழ 92 பாகை. இரண்டாமவருக்கு அது 80 பாகைதான்.

உயரமானவருக்கும் 92 பாகை கிடைக்க வேண்டுமானால் அந்தத் தூரம் சுமார் 7 செ.மீ. கூட வேண்டும். ஏறத்தாழ 3 செ.மீ. கூடினால் கோணம் 5 பாகை விரியும் என்று நினைவில் கொள்ளலாம். 7 செ.மீ.யை ஒரே மாற்றத்தில் பெறுவது கடினம். இருக்கையில் கொஞ்சம், கால்மிதியில் கொஞ்சம், பின்னால் தள்ளி உட்காருவதில் கொஞ்சம் என்று சேர்த்துத்தான் பெற வேண்டும்.

தன் கோணத்தை அறிய, வண்டியை நடு ஸ்டாண்டில் நிறுத்தி உட்கார்ந்து, பக்கவாட்டிலிருந்து ஒருவரைப் படம் எடுக்கச் சொல்லலாம். படத்தில் இடுப்பு, முழங்கால், கணுக்கால் ஆகிய மூன்று புள்ளிகளையும் கோடுகளால் இணைத்துக் கோணமானியால் அளக்கலாம்.

செய்யக்கூடிய மாற்றங்கள்

செலவில்லாதவற்றிலிருந்து தொடங்குவது நல்லது.

சரிசெய்தல்: கிளட்ச், பிரேக் லிவர்களைக் கை நேராக நீளும் கோணத்துக்குத் திருப்பி வைக்கலாம். பெரிய பாதம் உள்ளவர்கள் கியர் லிவரைச் சற்று உயர்த்தினால் ஷூ எளிதாக உள்ளே நுழையும். கைப்பிடியைக் கவ்வியிருக்கும் போல்ட்டுகளைத் தளர்த்தி, அதைச் சில பாகை முன்னும் பின்னும் சுழற்றிப் பார்க்கலாம்.

இருக்கையை உயர்த்துதல்: பெரும்பாலோருக்கு அதிகப் பயன் தருவது இதுவே. ஏற்கெனவே இரண்டு பாதங்களும் தரையில் முழுமையாகப் படிகிறவர் இருக்கையை 3 முதல் 5 செ.மீ. வரை உயர்த்தினாலும் கால் எட்டும். சீட் தைக்கும் கடைகளில் பழைய உறையைப் பிரித்து, கூடுதல் ஃபோம் ஒட்டி, புதிய ரெக்சின் தைத்துத் தருகிறார்கள். அடியில் கெட்டியான ஃபோமும் மேலே மெல்லிய மென்மையான அடுக்கும் இருப்பது நல்லது. முழுவதும் மென்மையாக இருந்தால் எடை விழுந்ததும் அமுங்கி, உயர்த்திய அளவு வீணாகும். டேங்கை ஒட்டி இருக்கை பள்ளமாக இருந்தால் உடல் முன்னால் சரியும். அந்தப் பள்ளத்தை நிரப்பினாலே ஓட்டுநர் சற்றுப் பின்னால் உட்கார முடியும்.

வண்டியுடன் வந்த இருக்கையை வெட்டாமல் வைத்துக்கொள்வது புத்திசாலித்தனம். புதுப்பேட்டையில் பழைய இருக்கை ஒன்றை வாங்கி அதில் வேலை செய்யச் சொல்லலாம். வீட்டில் உயரம் குறைந்த ஒருவரும் அதே வண்டியை ஓட்டினால் பழையதை மாட்டிக்கொள்ளலாம்.

கால்மிதியைத் தாழ்த்துதல்: 2 முதல் 3 செ.மீ. வரை தாழ்த்தும் இணைப்புகள் சில வண்டிகளுக்குக் கிடைக்கின்றன. இவற்றைப் பொருத்தினால் பிரேக் மிதியையும் கியர் லிவரையும் அதே அளவு தாழ்த்த வேண்டும். இல்லாவிட்டால் பிரேக் பிடிக்க ஒவ்வொரு முறையும் பாதத்தைத் தூக்க நேரிடும். வளைவில் சாயும்போது தாழ்ந்த கால்மிதி தரையில் உரசும் என்பதையும் கருத வேண்டும்.

கைப்பிடியை உயர்த்துதல்: இருக்கையை உயர்த்திய பிறகு கைப்பிடி தாழ்வாகத் தோன்றினால் மட்டும் இதைச் செய்யலாம். 2 அல்லது 3 செ.மீ. உயர்த்தும் ரைசர் போதுமானதாக இருக்கும். மாட்டியதும் எஞ்சினை ஓடவிட்டு, கைப்பிடியை இடது கோடிக்கும் வலது கோடிக்கும் திருப்பிப் பார்க்க வேண்டும். எஞ்சின் வேகம் தானாகக் கூடினால் ஆக்சிலேட்டர் கேபிள் இழுபடுகிறது என்று பொருள். முன் பிரேக் ஓஸ் விறைத்தாலும் அந்த ரைசரைப் பயன்படுத்தக் கூடாது. நீளமான கேபிளும் ஓஸும் தேவை.

காற்றுத் தடுப்பு: நகருக்குள் இது பெரும்பாலும் தேவைப்படாது. நெடுஞ்சாலையில் குட்டையான கண்ணாடித் தடுப்பு காற்றைச் சிதறடித்து உயரமானவரின் ஹெல்மெட்டில் மோதச் செய்யும். அப்போது தடுப்பை உயர்த்தவோ கழற்றவோ வேண்டும்.

பயன் தராத மாற்றம்

பின் ஷாக் அப்சார்பரின் ஸ்பிரிங்கை இறுக்கினால் வண்டி உயரும் என்று சிலர் அதைச் செய்கிறார்கள். வண்டி சற்று உயரும் என்பது உண்மை. ஆனால் இருக்கையோடு கால்மிதியும் சேர்ந்தே உயர்வதால் முழங்கால் கோணம் மாறாது. கூடவே வண்டியின் பின்பகுதி தூக்கி நிற்பதால் முகப்பு விளக்கின் ஒளி அருகிலேயே விழும். ஓட்டுநரின் எடைக்கும் சுமைக்கும் ஏற்ப ஸ்பிரிங்கைச் சரிசெய்வது தேவையானது. அதை உயரப் பிரச்சினைக்குத் தீர்வாகக் கருத வேண்டாம்.

கடலோரப் பகுதிகளில் கவனிக்க வேண்டியவை

காசிமேடு போன்ற இடங்களில் உப்புக் காற்று புதிதாகப் பொருத்திய இரும்பு இணைப்புகளை விரைவில் துருப்பிடிக்கச் செய்யும். கால்மிதி, ரைசர் ஆகியவற்றின் போல்ட்டுகள் பழைய போல்ட்டுக்குச் சமமான வலிமை உள்ளவையாக இருக்க வேண்டும். அவற்றை அவ்வப்போது பார்த்து இறுக்க வேண்டும். தையல் ஓட்டைகள் வழியாக மழைநீர் இறங்கி ஃபோம் ஊறிப்போகாமல் இருக்க, உறைக்கும் ஃபோமுக்கும் இடையே பிளாஸ்டிக் தாள் வைத்துத் தைக்கச் சொல்லலாம்.

பின்னால் மீன் பெட்டி கட்டிச் செல்பவர் பின்னால் நகர்ந்து உட்கார இடம் இருக்காது. அத்தகையவர்கள் இருக்கை உயரத்தையும் கால்மிதியையுமே நம்ப வேண்டும்.

சட்டம்

1988-ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, பதிவுச் சான்றில் உள்ள விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றுவதைத் தடை செய்கிறது. ஃபோம் சேர்ப்பதால் அந்த விவரங்கள் மாறுவதில்லை. ஆனால் சட்டகத்தை வெட்டுவதும் வெல்டிங் செய்வதும் சட்டச் சிக்கலோடு உயிருக்கும் ஆபத்தை விளைவிக்கும். இரண்டு பேர் இருக்கையை ஒருவர் இருக்கையாக மாற்றுவது பதிவுச் சான்றில் உள்ள இருக்கை எண்ணிக்கையோடு முரண்படும். பின்னால் அமர்பவருக்கான கைப்பிடி, கால்மிதி, புடவைக் காப்பு ஆகியவற்றை மத்திய மோட்டார் வாகன விதிகள் கட்டாயமாக்கியுள்ளன. புதிய இருக்கையைப் பொருத்தும்போது இவற்றைக் கழற்றிவிடக் கூடாது.

சோதித்துப் பார்த்தல்

ஒரு நேரத்தில் ஒரே மாற்றத்தை மட்டும் செய்து, ஒரு வாரம் வழக்கமான பாதையில் ஓட்டிப் பார்க்க வேண்டும். பல மாற்றங்களைச் சேர்த்துச் செய்தால் எது பயன் தந்தது, எது வலியை உண்டாக்கியது என்று பிரித்தறிய முடியாது. முழங்காலின் முன்பக்கம் வலித்தால் இருக்கைக்கும் கால்மிதிக்கும் இடையே இன்னும் தூரம் தேவைப்படலாம். உள்ளங்கை மரத்தால் உடல் முன்னால் சாய்கிறதா என்று பார்க்க வேண்டும். எல்லாம் சரிசெய்த பிறகும் வலி தொடர்ந்தால் மருத்துவரைக் காண்பது நல்லது. ஒவ்வொரு மாற்றத்துக்குப் பின்னும் பக்கக் கண்ணாடிகளைத் திருத்தி, வெறிச்சோடிய சாலையில் இரண்டு பிரேக்குகளையும் பிடித்துப் பார்த்த பிறகே நெரிசலில் ஓட்ட வேண்டும்.