குளிரா, மருந்தா?

கோடைக்கானலுக்குப் புறப்படுகிறவர்களுக்கு உற்றார் சொல்லும் புத்திமதி ஒன்றுதான்: "குளிர் ஜாஸ்தி, கம்பளிச் சட்டையை மறந்துவிடாதே!" பழனி மலையில் ஏறக்குறைய 7,000 அடி உயரத்திலுள்ள அவ்வூரில், மூக்கு ஒழுகுவதையும் உடம்பு சிலிர்ப்பதையும் யாரும் பொருட்படுத்துவதில்லை. நாமும் பொருட்படுத்தவில்லை. அது எவ்வளவு பெரிய தவறு என்பதை இங்கே ஒப்புக்கொள்ள வேண்டியிருக்கிறது.

நம்மிடம் படித்த வாலிபன் ஒருவன் வத்தலக்குண்டு மலைப்பாதையில் மோட்டார் சைக்கிளிலிருந்து விழுந்தான். முதுகு வலிக்கு 'டிரமடால்' மாத்திரை சாப்பிட்டான். வலி போயிற்று, மாத்திரை போகவில்லை. காலை வேளைகளில் ஓயாத கொட்டாவி, மூக்கில் நீர், புல்லரித்த கைகள், கால் குடைச்சல், வயிற்றுப்போக்கு. தாயார் சுக்குக் கஷாயம் கொடுத்தார். பையன் கடைத்தெருவுக்குப் போவான். சற்று நேரத்தில் சொஸ்தமாகித் திரும்புவான். அவ்வளவு விரைவில் தீரும் ஜலதோஷம் உலகில் உண்டா?

கோடைக்கானல் என்றதும் கஞ்சாவையும் போதைக் காளானையும் பற்றியே பேசுகிறோம். டிரமடால், டாபென்டடால் போன்ற வலி மாத்திரைகளோ அபினியைப் போலவே மூளையில் வேலை செய்பவை. அவற்றைக் கரைத்து ஊசியாக ஏற்றிக்கொள்ளும் இளைஞர்களும் தமிழ் நாட்டில் உண்டு. டிரமடால் 2018-ல் போதைப் பொருள் சட்டத்தின் கீழ் கொண்டுவரப்பட்டது.

மருந்து உள்ளே இருக்கும்போது கண்மணி ஊசிமுனைபோல் சுருங்கும். மங்கிய வெளிச்சத்திலும் விரியாது. பேசிக்கொண்டிருக்கையிலேயே தலை சாயும், உடம்பு அரிக்கும், மலச்சிக்கல் விடாது. மருந்தின் வேகம் தணிந்ததும் கண்மணி அகன்று, மேலே சொன்ன 'ஜலதோஷம்' வந்து சேரும். மாத்திரை நாளுக்கு முன்பே தீர்ந்துவிடும், பணம் மறையும். ஊசித் தழும்பை மறைக்கக் கம்பளிச் சட்டையைவிட நல்ல திரை ஏது?

ஓர் அறிகுறியைக் கண்டதும் குற்றம் சாட்ட வேண்டாம். பல சேர்ந்து தென்பட்டால் அருகில் உட்கார்த்தி நிதானமாகப் பேசுங்கள். அறையில் பூட்டி வைப்பது வைத்தியமாகாது. சில நாள் நிறுத்திய உடம்பு பழைய அளவைத் தாங்காது. மறுபடி அதே அளவு சாப்பிட்டால் உயிரே போகலாம். எழுப்பியும் எழாமல், மூச்சு மிக மெதுவாகி, உதடு நீலம் பாய்ந்தால், 'தூங்கட்டும்' என்று விட்டுவிடாமல் உடனே 108-ஐ அழையுங்கள். 'நாலாக்ஸோன்' என்ற மாற்று மருந்து இருக்கிறது. போதைப் பழக்கத்தை விட விரும்புவோருக்கு யோசனை சொல்ல 14446 என்னும் இலவசத் தொலைபேசி உண்டு.

நம் மாணவன் சிகிச்சை பெற்றுத் தேறிவருகிறான். படித்த நாம் காணாததைக் கண்டவள் அவனுடைய சிறு தங்கை. "அண்ணனுக்குக் கடைக்குப் போய் வந்தால்தான் ஜலதோஷம் தீருகிறது" என்றாள் ஒரு நாள். குழந்தை சொன்னதை அன்று தாயார் காதில் வாங்கிக்கொண்டார்.