வலைப்பக்கத்தில் பாடம் படித்தலும் திருத்தலும்

ஏட்டுச் சுவடியினின்று நூல்களை அச்சேற்றிய பதிப்பாசிரியர்கள் எய்திய இடர்கள் பல. ஏடெழுதினோர் பெரும்பாலும் புள்ளியிட்டிலர். எகர ஏகாரங்களை வேறுபடுத்திக் காட்டிலர். காலும் ரகரமும் ஒரே வடிவின. அவ்விடர்களைக் கடந்த நூல்கள் இன்று வலைப்பக்கங்களாகப் பரவியுள்ளன. 1998-ஆம் ஆண்டுப் பொங்கல் நாளில் முனைவர் கல்யாணசுந்தரம் சுவிட்சர்லாந்திலிருந்து தொடங்கிய மதுரைத் திட்டம் இம்முயற்சிகளுள் தலையாயது. இப்பக்கங்களில் உள்ள பாடத்தைச் சிறு நிரல் ஒன்று படிக்கவும் மாற்றவும் வல்லது. அது நிகழுமாற்றையும், பாட ஆராய்ச்சிக்கு அதனால் விளையும் நலந்தீங்குகளையும் ஈண்டு ஆராய்வாம்.

வலைப்பக்கம் நம் கண்ணுக்கு ஓர் ஏடுபோல் தோன்றினும், உலாவியின் உள்ளே அது கிளைத்த மரம்போல் அமைகின்றது. தலைப்பு, பத்தி, அடிக்குறிப்பு முதலியன அதன் உறுப்புகள். ஒவ்வோர் உறுப்பினுள்ளும் எழுத்துத் தொடர் அடங்கியிருக்கும். இவ்வமைப்பை அணுகும் முறை 1998-இல் பொதுத் தரமாக வரையறுக்கப்பெற்றது. 1995-இல் தோன்றிய ஜாவாஸ்கிரிப்ட் என்னும் நிரல்மொழி அதனைக் கையாள்கின்றது.

உறுப்பின் பாடத்தைப் பெறுதற்கு வழி மூன்று. டெக்ஸ்ட்கன்டென்ட் என்பது உறுப்பினுள் உள்ள எழுத்து அனைத்தையும், திரையில் மறைக்கப்பட்டவற்றையும் சேர்த்துத் தரும். இன்னர்டெக்ஸ்ட் என்பது திரையில் தோன்றுவதை மட்டுமே தரும். இன்னர்ஹெச்டிஎம்எல் என்பது எழுத்தோடு உள்ளமைந்த குறிகளையும் சேர்த்துத் தரும். பாடவேறுபாடுகளை மறைத்து வைத்து, வேண்டுவோர் மட்டும் திறந்து காணுமாறு அமைத்த பதிப்பு ஒன்றைக் கொள்வோம். சொல்லடைவு தொகுப்பார் முதல் வழியைக் கையாண்டால், மூலமும் பாடவேறுபாடும் கலந்து எண்ணப்படும். இரண்டாம் வழியே அங்குப் பொருந்துவது. எனவே எவ்வழியிற் படித்தோம் என்பதும் ஆராய்ச்சிக் குறிப்பில் இடம்பெறல் வேண்டும்.

எழுதுங்காலும் இவை வேறுபடும். முதல் வழியில் எழுதினால் உறுப்பினுள் இருந்த தடித்த எழுத்து, அடிக்குறிப்பு எண், இணைப்பு ஆகிய யாவும் நீங்கித் தனி எழுத்தே எஞ்சும். மூன்றாம் வழியில் எழுதினால், தரப்பட்ட எழுத்து குறிகளாகப் பொருள் கொள்ளப்படும். பிறர் இட்ட எழுத்தை அவ்வாறு ஏற்பின், தீய நிரலும் உடன் புகலாம். ஆகலின் பிறர் தந்ததை முதல் வழியிலேயே எழுதுதல் தக்கது.

இனி, நிரல் எழுத்தை எவ்வாறு எண்ணுகின்றது என்பதைக் காண்போம். புதுக்கோட்டை மாவட்டத்துக் கடற்கரையூராகிய மீமிசல் என்னும் பெயரில் நாம் காணும் எழுத்து 4. நிரலோ அதன் நீளம் 7 என்னும். மீ, மி, ல் என்பவற்றில் மெய்க்கு உரிய குறியும் உயிர்க்குறியும் அல்லது புள்ளியும் தனித்தனியே எண்ணப்படுதலே காரணம். புதுக்கோட்டை என்னும் 6 எழுத்துச் சொல் அவ்வாறே 12 ஆகும். அதன் ஓகாரக் குறியை ஏகாரக் கொம்பும் காலுமாகப் பிரித்துப் பதிந்திருப்பின் 13 ஆகும். திரையில் இரண்டும் ஒன்றே. தேடுங்கால் ஒன்று மற்றொன்றோடு ஒவ்வாது. திஸ்கி முதலிய பழைய குறியேற்றங்களில் கொம்பு, மெய், கால் என வடிவ வரிசையில் எழுத்துகள் பதியப்பட்டன. அவற்றை யூனிகோடுக்கு மாற்றுங்கால் இவ்வாறு பிரிந்த குறிகள் எஞ்சுதல் உண்டு. 2015-இல் நிரல்மொழித் தரத்திற் சேர்ந்த நார்மலைஸ் என்னும் செயல் இவ்விரண்டையும் ஒன்றாக்கும்.

அச்செயலாலும் தீராத பிழை ஒன்று உண்டு. ஔகாரத்தை ஒகரமும் ளகரமுமாகப் பதிதல் பெருவழக்கு. ஒளவை, கெளரி, மெளனம் எனப் பதிந்தவை கண்ணுக்குச் செவ்வனே தோன்றும். இதனைத் திருத்த விழைந்து, ‘ஒள’ வருமிடமெல்லாம் ‘ஔ’ என மாற்றுமாறு நிரலுக்குக் கட்டளையிட்டால், ஒளி என்னும் சொல் அழியும். ‘கெள’ என்பதை அங்ஙனம் மாற்றின், கடற்கரையார் நாளும் வழங்கும் கெளுத்தி என்னும் மீன்பெயர் சிதையும். வெளி, தெளிவு ஆகியனவும் இவ்வகையின. ளகரத்தை அடுத்து உயிர்க்குறியோ புள்ளியோ வந்தால் மாற்றற்க என விதித்தல் பெரும்பகுதி இடரை நீக்கும். எனினும் நிரல் ஐயப்பாட்டிடங்களைத் தொகுத்துக் காட்டுவதோடு நிற்க, முடிவைப் பதிப்பாசிரியரே செய்தல் நன்று. ஓசையும் பொருளும் நோக்கித் துணிதல் நிரலின் தொழில் அன்று.

மற்றொன்றும் நினைவிற் கொள்ளத்தக்கது. நிரல் செய்யும் மாற்றம் படிப்பவரின் உலாவியில் உள்ள படியில் மட்டுமே நிகழும். வழங்கியில் உள்ள மூலக் கோப்பு மாறாது. பக்கத்தை மீண்டும் திறப்பின் பழைய பாடமே வரும். ஆதலின் ஒரே முகவரியைச் சுட்டிய இருவர் இருவேறு பாடங்களைக் கண்டிருத்தல் கூடும். ஏட்டில் திருத்தியவன் கோடும் மையும் விட்டுச் சென்றான். நிரலோ தானாகத் தடம் எதனையும் விடுவதில்லை.

எனவே வலைப்பாடத்தை மேற்கோள் காட்டுவார், கண்ட நாளையும் மூலக் கோப்பின் படி ஒன்றையும் காத்தல் வேண்டும். திருத்துவார், பழைய பாடத்தையும் புதிய பாடத்தையும் இடத்தோடு பட்டியலிட்டு வைத்தல் வேண்டும். பாடவேறுபாடுகளைக் குறித்துக் காத்த பதிப்பாசிரியர் மரபு, நிரல் எழுதுவார்க்கும் உரிய மரபேயாம்.